கலக்காத பொடி

பொடிக்காரரை அவருடைய மச்சான் மகன் அடித்தது ஒரு திங்கட்கிழமை காலையில். தண்ணீர் லாரி அப்போதுதான் வந்து போயிருந்தது. தெருவில் பாதிப் பேர் கையில் வாளியோடு நின்றிருந்தோம். அவன் வெல்டிங் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தான். நெற்றியில் ஏற்றி வைத்த கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. கையில் ஒரு முழ நீளக் கம்பி. யாரையும் பார்க்காமல் பொடிக்காரர் வீட்டு முன்னறைக்குள் நுழைந்தான். முதல் அடி அலமாரியில் விழுந்தது. ஐம்பது அறுபது டப்பாக்கள் ஒன்றாகத் தரைக்கு வந்தன. இரண்டாவது அடி பொடிக்காரரின் தோளில் விழுந்தது. ஈரத்துணியைக் கல்லில் அறைவது போன்ற அந்தச் சத்தம் வெளியே எங்களுக்குக் கேட்டது.

அந்த முன்னறைதான் அவர்களுடைய தொழிற்சாலை. ஜன்னலோரம் அரவை மெஷின், அதன் வாயில் கட்டிய துணிப்பை, பக்கத்தில் இரண்டு தகர டிரம்கள், நடுவில் நீளமான மேசை. மெஷின் ஓடும் நாட்களில் தெருவே தும்மும். சுக்கு, மஞ்சள், வெந்தயம், முருங்கையிலை, பெயர் தெரியாத ஏழெட்டு வேர்கள். கொடியில் காயும் துணியெல்லாம் அந்த வாசனையோடுதான் மடிக்கப்படும். அந்த வீட்டுப் பூனை பிறக்கும்போது வெள்ளை, இப்போது மஞ்சள்.

பொடிக்காரரின் மனைவியைத் தெருவில் சல்லடை என்பார்கள். வேர்களைக் கழுவி, காயவைத்து, இடித்து, அரைத்ததை மூன்று தடவை சலிப்பது அவள் வேலை. முதலில் கம்பிச் சல்லடை, அப்புறம் நைலான், கடைசியில் பழைய வேட்டித் துணி. ஒரு நார் தட்டுப்பட்டாலும் மறுபடி மெஷினுக்குப் போகும். பேச்சையும் அப்படித்தான் சலிப்பாள். நாலு வார்த்தை கேட்டால் ஒன்று வெளியே வரும்.

பொடிக்காரர் அதற்கு நேர்மாறு. பேச்சு அவருக்கு லாரி லோடு மாதிரி வந்து கொட்டும். முன்பு மருந்து மொத்தக்கடை ஒன்றில் வேன் ஓட்டியவர். மூட்டுவலிக்குப் பொடி போட ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. முதலில் டப்பாவில் பொடியாகத்தான் விற்றார். கரண்டியால் எடுத்து வெந்நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். மூன்று மாதம் குடித்தால் கொஞ்சம் தேவலாம் என்பார்கள். பாதிப் பேர் ஒரு மாதத்திலேயே விட்டுவிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் பொடியைக் கேப்சூல் கூட்டில் அடைக்க ஆரம்பித்தார். காலத்துக்குத் தக்க மாற்றம், குழம்பில் விழுந்த உப்பு மாதிரி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய்விடும் என்று சொன்னார். நூறு ஓட்டை உள்ள ஒரு பலகை வந்தது. காலிக் கூடுகளை ஓட்டையில் நிறுத்தி, மேலே பொடியைக் கொட்டி, தகட்டால் வழித்து, மூடிகளை அழுத்தினால் நூறு மாத்திரை. டப்பாவில் பச்சை எழுத்தில் 'நூறு சதம் இயற்கை' என்று லேபிள்.

கூட்டுக்கு மாறிய பிறகு பொடி பேச ஆரம்பித்தது. மூன்று மாதம் வேண்டியிருந்தது மூன்று நாளில் நடந்தது. மடக்க முடியாத விரல்கள் ஊசியில் நூல் கோத்தன. சுமைதூக்கி நிமிர்ந்து நடந்தார். டப்பா தீரும் முன்பே ஆட்கள் வாசலில் நின்றார்கள்.

அவர்களில் முதல் ஆள் சல்லடையின் அண்ணன். கொத்தனார். முழங்கால் வீங்கி, ஏணியில் குழந்தை மாதிரி பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தவர், ஐந்தாவது நாள் மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்று பீடி பற்றவைத்தார். பசி திரும்பியது. இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டார். எட்டு மாதத்தில் முகம் முழுநிலா மாதிரி உருண்டது. கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது. அதைத் தட்டிக் காட்டி, காளைக்குத்தான் திமில் வருமா என்று சிரிப்பார். சிமெண்ட் மூட்டை உரசினாலே கையில் நீலம் பூப்பதை மட்டும் யாரும் பேசவில்லை. "எங்க அப்பா முகத்தைப் பாருங்க, அதுதான் விளம்பரம்" என்று வெல்டரே எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறான்.

சல்லடை ஒரு வெள்ளைப் பொடியைப் பார்த்தது அதற்கு முந்தின மாதம். சலித்த பொடியை அவள் டிரம்மில் கொட்டிவிட்டு அடுப்படிக்குப் போன பிறகுதான் கணவர் கூடு அடைக்க உட்காருவார். அன்றைக்கு ஏதோ மறந்து திரும்பி வந்தாள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, அதிலிருந்து வெள்ளையாக ஏதோ நாலு கரண்டி டிரம்மில் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் வெளியே போனதும் அவள் நாக்கில் தொட்டுப் பார்த்தாள். கசந்தது. பூஞ்சை பிடித்த பழைய மாவு என்று முடிவு செய்தாள். மூன்று தடவை சலித்த பொடியில் எடை கூட்ட மாவு கலக்கிறாரே என்று அவளுக்கு ஆறவே இல்லை.

கேட்டாள். கட்டி பிடிக்காமல் இருக்கப் போடுவது, உனக்கு ஒன்றும் தெரியாது என்றார். மாவு போட்டு விற்பதற்குப் பிச்சை எடுக்கலாம் என்று அவள் சொன்னாள். அவர் நூறு ஓட்டைப் பலகையால் அவள் முகத்தில் அடித்தார். புருவம் பிளந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்று தெருவில் சொன்னாள். அந்த வீட்டுக் கதவுக்குக் கை முளைத்து வெகுநாள் ஆகியிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் அவள் வாயே திறக்கவில்லை. அவர் டப்பா கொடுக்க வெளியே போன இரண்டு பிற்பகல்களில் தனியாக உட்கார்ந்து முந்நூறு கூடுகள் அடைத்தாள். வேரும் இலையும் மட்டும். ஊருக்கு மாவு போனால் போகட்டும், அண்ணன் வயிற்றுக்குப் போகக் கூடாது. அண்ணன் வீட்டிலிருந்த பழைய டப்பாவை எடுத்துக்கொண்டு, புதியதைத் தன் கையாலேயே வைத்துவிட்டு வந்தாள்.

நாலாவது நாள் கொத்தனாருக்குப் பசி போனது. ஆறாவது நாள் வாந்தி. ஈரமூட்டை மாதிரி உடம்பு கனக்கிறது என்றார். சல்லடை போய்ப் பார்த்தாள். அவளுக்குப் பயமே இல்லை. இத்தனை நாள் தின்ற மாவுக் கழிவெல்லாம் வெளியேறுகிறது, நல்ல பொடி அப்படித்தான் செய்யும், விடாமல் சாப்பிடுங்கள் என்றாள். வேளைக்கு இரண்டை மூன்றாக்கினாள். பத்தாவது நாள் அவர் சாரப் பலகையில் உட்கார்ந்து, அப்படியே சரிந்து, கீழே கிடந்த மணலில் விழுந்தார். உயரம் அதிகமில்லை. ஆனால் எழுந்திருக்கவில்லை. உடம்பு சில்லென்று வேர்த்து, நாடி பிடிக்கக் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா மூன்று தடவை கேட்டார். வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டாரா? மாத்திரை, ஊசி, எதுவானாலும். கொத்தனார் மனைவி மூன்று தடவையும் தலை நிமிர்ந்து சொன்னாள். "இங்கிலீஷ் மருந்து எங்க வீட்டு வாசப்படி ஏறினதே இல்லைங்க. இயற்கைதான்." மகனும் அதையே சொன்னான். சாப்பாட்டில் விஷமாக இருக்கும் என்று சலைன் ஏற்றினார்கள். இரவு முழுவதும் ஏற்றியும் ரத்த அழுத்தம் ஏறவில்லை. காலையில் டாக்டர் அம்மா அந்த உருண்டை முகத்தை மறுபடி உற்றுப் பார்த்துவிட்டு, அந்த இயற்கையில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டு வா, மதியம் வரை இப்படியே இருந்தால் என்னால் எதுவும் சொல்ல முடியாது என்று வெல்டரை அனுப்பினார்.

அதனால்தான் அவன் வந்தான்.

"என்ன கலந்தே?" என்றான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை. "டாக்டர் கேக்கறாங்க. என்ன கலந்தே?"

"பச்சிலைப்பா. வேரு, பட்டை" என்றார் பொடிக்காரர், முழங்கையால் தலையை மறைத்துக்கொண்டு. "உங்கத்தை கையால சலிச்சது. அவளைக் கேளு."

"அத்தையை இழுக்காதே."

கம்பி முழங்கையில் பட்டது. பொடிக்காரர் மேசைக்கு அடியில் புகுந்தார். அவன் மேசையைப் புரட்டினான். டிரம் உருண்டு மஞ்சள் புகை எழுந்தது. எல்லோரும் இருமினோம். அடி விழுந்துகொண்டிருக்கும்போதே வாசலுக்கு உருண்டு வந்த கூடுகளைச் சிலர் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டார்கள். முட்டிவலிக்காரர்கள். பார்த்தவர்களுக்கு அது தப்பாகவும் தெரியவில்லை.

டீக்கடைக்காரரும் முடிவெட்டுகிறவரும் பின்னாலிருந்து வெல்டரைக் கட்டிப்பிடித்தார்கள். முடிவெட்டுகிறவருக்குத் தாடையில் ஒன்று விழுந்தது. "எனக்கு எதுக்குடா, நான் உங்கப்பனுக்கு ஓசியில சவரம் பண்ணவன்டா" என்றபடியே பிடியை விடாமல் தெருவுக்கு இழுத்து வந்தார்.

அந்த இடைவெளியில் பொடிக்காரர் தவழ்ந்து அடுப்படிக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சல்லடை போய்ப் பார்த்தாள். வெள்ளை வைத்திருந்த தகர டப்பாவைக் குழாயடியில் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். வாயிலிருந்து ரத்தம் தொட்டியில் சொட்டியது. அவளைப் பார்த்ததும் தணிந்த குரலில் கேட்டார்.

"உங்க அண்ணனுக்கு எந்த டிரம்முல இருந்து கொடுத்தே?"

"நானே தனியா போட்டேன்."

"வெள்ளை?"

"போடலை."

"எத்தனை நாளா?"

"பத்து நாள்."

அவர் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி வாங்கும்போதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை.

மாவு நின்றதற்கு ஒரு மனிதன் இப்படிப் பயப்படுவானா என்று அவள் யோசித்தாள். யோசித்து முடித்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூடு எதற்கு வந்தது, கசப்பை மறைக்க. மூன்று நாளில் விரல் மடங்கியது எதனால். முன்கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்தாள். அடுப்படி ஜன்னல் திறந்துதான் இருந்தது. அதற்கு எதிர் ஜன்னல் தையல்காரியுடையது. அப்புறம் நடந்ததைத் தெருவுக்குச் சொன்னது அவள்தான்.

"அது என்னதுங்க?" என்று சல்லடை கேட்டாள்.

"ஒண்ணுமில்லை. சலைன் ஏத்தறாங்கல்ல, சரியாயிடும்."

"பேரு சொல்லுங்க. நான் போய் டாக்டர்கிட்ட சொல்றேன்."

"சொன்னா என்னை உள்ளே தள்ளிடுவாங்க. உனக்குப் புருஷன் வேணுமா வேண்டாமா?"

வேர் இடிக்கிற இரும்பு உலக்கை சுவரோரம் சாய்ந்திருந்தது. அதை எடுத்தாள். கல்லுரலை அவர் பக்கம் நகர்த்தினாள். அடிபட்ட கை மரத்துப்போய்த் தொங்கியது. அவருடைய நல்ல கையை மணிக்கட்டில் பிடித்து உரல் விளிம்பில் வைத்தாள். ஏழு வருஷம் வேர் இடித்த கைப்பிடி அது. அவரால் இழுக்க முடியவில்லை. விளையாடுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்.

"சொல்லுங்க" என்றாள்.

சுண்டுவிரலில் உலக்கை இறங்கியது. அவர் கத்திய கத்தலில் தெருவில் வெல்டரே திமிறுவதை நிறுத்தினான்.

"எங்க அண்ணன் செத்துட்டிருக்காருங்க. சொல்லுங்க."

அடுத்த விரல்.

குரலை அவள் உயர்த்தவில்லை என்றாள் தையல்காரி. மூன்றாவது விரலை எடுத்து வைத்தபோதும் 'ங்க' போட்டுத்தான் பேசினாளாம். வலிக்குதுங்களா, எனக்கும் கை நடுங்குது, நழுவினா மொத்தமும் போயிடும், சொல்லிடுங்க என்றாளாம்.

அவர் சொன்னார். வீக்கத்துக்கும் மூச்சிறைப்புக்கும் டாக்டர்கள் எண்ணி எண்ணிக் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரை. பழைய மொத்தக்கடை ஆள் ஒருவன் மூலம் வாங்கி, அட்டையைக் கிழித்து எரித்துவிட்டு, மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறார். பெயரை இரண்டு தடவை சொல்ல வைத்தாள். ஒரு லேபிள் தாளை எடுத்து, பச்சை எழுத்துக்குப் பின்பக்கம், ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ஒரு கூட்டுக்கு எவ்வளவு இருக்கும் என்பதையும் கேட்டு எழுதினாள். உலக்கையைக் கழுவிச் சுவரோரம் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

தலைமுதல் கால்வரை மஞ்சளாக இருந்தாள். "வண்டியை எடு" என்று மட்டும் வெல்டரிடம் சொன்னாள்.

அந்தத் தாளை டாக்டர் அம்மா படித்த நொடியிலேயே நர்ஸை அழைத்தார். சந்தேகப்பட்டேன், வீட்டுக்காரர்கள் சத்தியம் பண்ணினார்களே என்று முனகிக்கொண்டே அதே வகை மருந்தை ஊசியில் தாமே ஏற்றினார். மணிக்கொரு தடவை வந்து பார்த்தார். மாலை ஐந்து மணிக்குக் கொத்தனாரின் உதட்டில் நிறம் வந்தது. ஆறு மணிக்கு ரொட்டி கேட்டார்.

அப்போதுதான் டாக்டர் அம்மா எல்லோரையும் நிறுத்தி வைத்து விளக்கினார். இந்தச் சரக்கை உடம்பே தினமும் கொஞ்சம் தயாரித்துக்கொள்ளும். வெளியிலிருந்து மாதக்கணக்கில் கொட்டினால், நமக்கு இனி வேலையில்லை என்று அது கையைக் கட்டிக்கொள்ளும். வெளியே வருவதைத் திடீரென்று நிறுத்திவிட்டால், உள்ளே வேலைசெய்ய ஆள் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான், மாதக்கணக்கில், டாக்டர் பார்வையில்தான் குறைக்க வேண்டும். தின்றதும் கெடுதல்தான். ஆனால் இவரை விழவைத்தது நிறுத்தியது. யார் நிறுத்தியது என்று கேட்டார்.

சல்லடை கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி.

கொத்தனார் மனைவியின் கையில் வெந்நீர்க் குடுவை இருந்தது. எவர்சில்வர். அதன் கழுத்தைப் பிடித்து நாத்தனாரின் காதோடு சேர்த்து அடித்தாள். இரண்டாவது அடிக்கு மூடி தெறித்து வெந்நீர் இருவர் மேலும் கொட்டியது. "கழிவு போகுதுன்னியே. மூணா சாப்பிடுன்னியே. என் தாலியை அறுத்துக் குப்பையில போடப் பாத்தியே" என்று அடித்தாள். வெல்டர் அம்மாவைத் தடுக்கவில்லை. சல்லடை சுவரில் சாய்ந்து நின்று வாங்கிக்கொண்டாள். மறைக்கக் கை உயரவில்லை. டாக்டர் அம்மா நடுவில் புகுந்ததில் அவர் கண்ணாடியும் உடைந்தது.

கொத்தனார் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் அடங்கியதும் தங்கையை அருகில் அழைத்தார்.

"நான் நல்லாத்தானேம்மா இருந்தேன்" என்றார். "சாரத்துல ஏறிட்டிருந்தேன். சாப்பிட்டுட்டிருந்தேன். உன்னை யாரு நல்லது பண்ணச் சொன்னா?"

வீட்டுக்கு வந்தபோது பொடிக்காரர் இல்லை. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, உடைந்த டப்பாக்களில் தேறியதைக் கோணிப்பையில் போட்டு, பேருந்து ஏறிவிட்டார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போயிருந்தது. அவர்கள் வந்து முன்னறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். இனி அந்தத் தெருவில் யாருக்கும் ஒரு கூடு கிடைக்காது.

முத்திரையைப் பார்த்துக்கொண்டே நின்ற சல்லடைக்கு அப்போதுதான் மற்றவர்கள் நினைவு வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் டப்பாவின் அடியில் பத்தோ பதினைந்தோ இருக்கும். அது தீரும். தீர்ந்தால் அண்ணனுக்கு ஆனது அத்தனை பேருக்கும் ஆகும்.

மறுநாள் விடிந்ததும் வீடு வீடாகப் போனாள். ஒரு காது வீங்கி மூடியிருந்தது. வார்த்தையைச் சலித்துச் சலித்துப் பழகியவள், ஒவ்வொரு வாசலிலும் முழுசாகச் சொன்னாள். அதில் இங்கிலீஷ் மாத்திரை இருந்தது. இனிமேல் கிடைக்காது. ஆனால் சட்டென்று நிற்கக் கூடாது. தீரும் முன்னாலேயே டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அவர்கள் பார்த்துக் குறைப்பார்கள்.

"சாப்பிடாதேங்கிறியா, நிறுத்தாதேங்கிறியா? ஏதாவது ஒண்ணு சொல்லு" என்றாள் தையல்காரி.

"ரெண்டும்தான்."

"வலி திரும்பி வருமா?"

"வரும்."

தையல்காரி தன் விரல்களை மடக்கிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். அடுத்த வீட்டில் அழுக்குத் தண்ணீரை மேலே கொட்டினார்கள். மூன்றாவது வீட்டில் டப்பாவையே எறிந்தார்கள். பிளந்திருந்த புருவத்தில் பட்டு மறுபடி திறந்தது. அவள் குனிந்து கூடுகளைப் பொறுக்கி, டப்பாவில் போட்டு, மூடி, அந்த வாசல்படியிலேயே வைத்துவிட்டு நகர்ந்தாள். எறியக் கூடாதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் வேணும் என்றாள்.

சுமைதூக்கி தெருமுனையில் நின்றிருந்தார். அவரிடம் இரண்டே கூடுகள் மிச்சம். அவள் வாயைத் திறக்கும் முன்பே கொண்டையைப் பிடித்தார். மூட்டையைக் கொக்கி போட்டு இழுக்கிற கை அது. அவள் தலை சுவரில் மோதியது.

"மிச்சத்தை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?"

"இல்லைங்க. எல்லாத்தையும் பூட்டிட்டாங்க."

"நாளைக்கு நான் மூட்டை தூக்கலைன்னா என் வீட்டுல யாரு சோறு போடுவா, நீயா?"

மறுபடி மோதினார். சுவரில் ரத்தம் ஒட்டியது. எங்களில் யாரும் அவளிடம் போகவில்லை.

"ஆஸ்பத்திரியில இருக்குங்க" என்றாள் அவள். "அதே மாத்திரைதான். அவங்களே கொடுப்பாங்க. நீங்க வந்து உக்காந்தா போதும்."

"பொய் சொல்றே."

"பொய்யா இருந்தா அங்கேயே என்னை அடிச்சுக் கொல்லுங்க."

அவர் பிடியைத் தளர்த்தவில்லை. "நட. அந்த டாக்டர் மூஞ்சிக்கு முன்னாடி சொல்லு" என்று கொண்டையோடு சேர்த்து அவளை இழுத்துக்கொண்டு நடந்தார். அவள் குனிந்தபடியே, செருப்பில்லாமல், அவருடைய வேகத்துக்கு ஓடினாள். டீக்கடைக்காரர் எழுந்துபோய் அந்தக் கையைத் தட்டிவிடப் பார்த்தார்.

"விடுங்க அண்ணே" என்றாள் அவள். "சரியான பக்கம்தான் போறாரு."